மறுபக்கத்துக்கு ஒரு பத்தி

பிப்ரவரி 3, திங்கள்

இன்று வந்த சர்க்குலரைக் கிழித்துப் போட முடியவில்லை. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

முதலாண்டு மாணவர்கள் ஆங்கிலக் கட்டுரையில் ஒவ்வொரு பத்தியிலும் குறைந்தது இரண்டு இணைப்புச் சொற்கள் எழுத வேண்டுமாம். பட்டியலும் தந்திருக்கிறார்கள். மோர்ஓவர், ஃபர்தர்மோர், ஹவ்எவர், நெவர்தலெஸ், கான்சிக்வென்ட்லி, ஆன் தி அதர் ஹேண்ட், இன் கன்குளூஷன். ஒவ்வொன்றின் கீழும் ஸ்கேல் வைத்துக் கறுப்புப் பேனாவால் கோடு. தலைப்பு எதுவானாலும் நாலு பத்தி. முன்னுரை, ஒரு பக்கம், மறுபக்கம், முடிவுரை. மறுபக்கம் எழுதாதவர்களுக்குப் பாதி மதிப்பெண்தான். விடைத்தாள் திருத்தும் முகாமில் கட்டுரையை யாரும் முழுக்கப் படிப்பதில்லை, கோடு போட்ட சொல்தான் கண்ணில் படும் என்று காரணமும் எழுதியிருக்கிறது. அதை எழுத வெட்கம்கூடப் படவில்லை.

கீழே அகாடமிக் கோஆர்டினேட்டர் வேதமூர்த்தியின் கையெழுத்து. கணக்குப் பேராசிரியர். ஆங்கிலம் எப்படி எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்கிறார்.

நான் படித்த நல்ல நாவல்களில் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே எழுதுகிறவர் ஒரு இடைவெளி விட்டிருப்பார். அதைத் தாண்டுவது வாசிப்பவரின் வேலை, அதில்தான் வாசிப்பின் சுகம். இந்தப் பிள்ளைகளை அந்த இடைவெளியில் எல்லாம் சிமென்ட் பூசச் சொல்கிறார்கள்.

"வேலைக்கு வந்து மூணாவது வருசம். இன்னும் உனக்குக் கோவம் வருது பாரு, அதுதான்டி ஆச்சரியம்" என்றாள் பெனிட்டா. என்னோடு வேலை பார்க்கிறவள். உரக்கடை மாடியில் இருக்கும் இந்த அறையிலும் அவள்தான் துணை. சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள்.


பிப்ரவரி 5, புதன்

நெவர்தலெஸ் நடத்தினேன். சர்க்குலருக்காக இல்லை, நடத்துவது என்றால் ஒழுங்காக நடத்திவிடுவோம் என்றுதான். ஒன்று நடக்கிறது, அதற்குப் பிறகு நாம் எதிர்பார்ப்பது நடக்காமல் வேறொன்று நடக்கிறது, அங்கே மட்டும்தான் இந்தச் சொல்லுக்கு வேலை என்றேன். உதாரணம் கேட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மெஸ் சாம்பார் கெட்டுப்போச்சு மேம். நெவர்தலெஸ் ஊத்துனாங்க" என்றான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. சரியான உதாரணம். அவனுக்குக் கைதட்டச் சொன்னேன்.

மூன்றாவது வரிசையில் காளீஸ்வரி மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். திருச்சுழிப் பக்கத்துப் பெண். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. நான் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட விடமாட்டாள். ஸ்கேலை நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறாள்.

"மேம், மறுபக்கம் ஒண்ணுமே இல்லாத தலைப்பு வந்தா என்ன செய்யிறது?"

"எதுக்கு மறுபக்கம் இருக்காது?"

"வரதட்சணை வந்தா, மேம்?"

கரும்பலகையை அழித்தேன். பிறகு, "ஏதாவது யோசிச்சு எழுதிரும்மா. இல்லாட்டி மார்க்கு போயிரும்" என்றேன். அப்படித்தான் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.


பிப்ரவரி 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் லெசன் பிளான் ஃபைலில் கோஆர்டினேட்டர் கையெழுத்து வாங்க வேண்டும். பெனிட்டாவிடம் கொடுத்தனுப்பினேன்.

"ஒரு தடவையாச்சும் நீயே போயேன். ரெண்டு மாடி ஏற முடியாத அளவுக்கு என்ன ஆச்சு உனக்கு?"

முழங்கால் வலி என்றேன்.


பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், விடுமுறை. போர்வைகளைத் துவைத்தேன். மொட்டை மாடியில் உரக்கடைக்காரர் வெண்டைக்காய் வற்றல் காய வைத்திருந்ததால் கொடியில் பாதிதான் கிடைத்தது. அம்மா போனில் கூப்பிட்டாள். ராஜபாளையத்தில் ஒரு வரன், பையன் பேங்கில் இருக்கிறானாம். இந்த வருடம் வேண்டாம் என்றேன். "வருசா வருசம் இதையேதான் சொல்லுத. அங்க அப்பிடி என்னதான் உன்னயப் பிடிச்சு வச்சிருக்கு?" என்றாள். தண்ணீர் வந்துவிட்டது என்று போனை வைத்தேன். உண்மையாகவே தண்ணீர் வந்துவிட்டது.


பிப்ரவரி 13, வியாழன்

வகுப்பு முடிந்த பிறகும் காளீஸ்வரி போகவில்லை. பையில் புத்தகத்தை எடுத்து வைக்கிறாள், வெளியே எடுக்கிறாள், மறுபடியும் வைக்கிறாள்.

"மேம், கம்ப்ளெயின்ட் இங்கிலீஷ்லதான் எழுதணுமா?"

"என்ன கம்ப்ளெயின்ட்?"

"சும்மாதான் மேம் கேட்டேன். நோட்டீஸ் போர்டுல எல்லாம் இங்கிலீஷ்ல போட்டிருக்குல்ல."

"எது தெரியுமோ அதுல எழுதலாம். ஹாஸ்டல் மெஸ் பத்தியா?"

சற்று நேரம் என் முகத்தையே பார்த்தாள். "ஆமா மேம்" என்றாள்.

மெஸ்ஸைப் பற்றித்தான் இருக்கும். அங்கே சாப்பாடு மோசம் என்று எல்லோருக்கும் தெரியும். இன்று வகுப்புக்கு அவள் தாமதமாக வந்தாள். இரண்டாவது மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அங்கே எத்தனையோ அறைகள் இருக்கின்றன.


பிப்ரவரி 18, செவ்வாய்

பேனாவை அழுத்திப் பிடித்திருக்கிறேன். எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

ஹேமலதா மேடம் கூப்பிட்டனுப்பினார். எலக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவர், பெண்கள் புகார்க் குழுவுக்கும் அவர்தான் தலைவர். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு மேஜையில் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"படிச்சுப் பாருங்க. மார்க் போடலாமா?"

காளீஸ்வரியின் கையெழுத்து, ஆங்கிலத்தில். அதை இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன். பிறகு யாராவது அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னால் நான் நம்பிவிடக் கூடாது.

"முதலாவதாக, இன்டர்னல் பேப்பர் காட்டுவதாகச் சொல்லி வேதமூர்த்தி சார் என்னைத் தனியாக அறைக்கு அழைக்கிறார். மேலும், என் கையெழுத்தைத் திருத்துவதாகக் கூறிப் பின்னால் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு எழுத வைக்கிறார். நான் கையை இழுத்தேன். இருப்பினும், அவர் விடவில்லை. அதன் விளைவாக, நான் மறுமுறை போகவில்லை. அதன் விளைவாக, எனக்கு இன்டர்னல் மதிப்பெண் போடப்படவில்லை. மறுபுறம், சார் ஒரு நல்ல ஆசிரியர். அவர் கணக்குகளைத் தெளிவாக நடத்துகிறார். ஏழை மாணவர்களுக்குப் புத்தகம் வாங்கித் தருகிறார். முடிவாக, எதிலும் நன்மையும் தீமையும் உண்டு. நாம் நல்லதை எடுத்துக்கொண்டு தீயதை விலக்க வேண்டும்."

முதலாவதாக, மேலும், இருப்பினும், அதன் விளைவாக, மறுபுறம், முடிவாக. எல்லாவற்றுக்கும் கீழே ஸ்கேல் வைத்து, கறுப்புப் பேனாவில், துளியும் பிசகாமல் கோடு.

ஹேமலதா மேடம் சிரித்தார். சத்தம் போட்டு இல்லை. வாயை மூடிக்கொண்டு தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு.

"அவளே சொல்றா பாருங்க, நல்ல ஆசிரியர்னு. அப்புறம் எதுக்கு கம்ப்ளெயின்ட்?"

"மேடம், இது..."

"நெவர்தலெஸ், கான்சிக்வென்ட்லி. தமிழ் மீடியத்துலருந்து வந்த புள்ள இப்பிடி எழுதுமா? உங்க கிளாஸ்லதான் இதெல்லாம் நடத்துறீங்க. யார் எழுதிக் கொடுத்தாங்கன்னு நான் கேக்கணுமா தமயந்தி?"

"எல்லா கிளாஸுக்கும் நடத்தச் சொல்லித்தானே சர்க்குலர் வந்துச்சு மேடம். அதுல கையெழுத்தே வேதமூர்த்தி சாரோடதுதான்."

"அது பரீட்சைக்கு. இது கம்ப்ளெயின்ட்."

தப்பும் தவறுமாக எழுதியிருந்தால் புரியவில்லை என்று குப்பையில் போட்டிருப்பார்கள். ஒழுங்காக எழுதினால் யாரோ எழுதிக் கொடுத்தது என்கிறார்கள். இவர்களிடம் ஒரு பெண் எந்த மொழியில், எந்தத் தரத்தில்தான் போய்ச் சொல்வது? அந்த அறையிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன், பேனா தாளைக் கிழிக்கிறது.


பிப்ரவரி 19, புதன்

மதியம் கேன்டீனுக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தில் காளீஸ்வரியைப் பிடித்தேன்.

"ஏம்மா, அந்த ஆளு நல்லவருன்னு எதுக்கு எழுதுன?"

"மறுபக்கம் எழுதணும்ல மேம்." என் கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. "ஒரு பக்கம் மட்டும் எழுதுனா பாதி மார்க்குன்னு சொன்னீங்கள்ல. ரெண்டும் எழுதுனாத்தான் நம்புவாங்கன்னு நெனச்சேன்."

"புத்தகம் வாங்கித் தந்தாரா?"

"இல்ல மேம். அந்தப் பத்திக்கு விசயம் பத்தல."

இதற்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டை எட்டி உதைத்தேன். வரிசையாக மூன்று சைக்கிள்கள் சரிந்தன. இருவரும் குனிந்து தூக்கி நிறுத்தினோம்.

"நடந்தது நெசந்தானே?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"கைய மட்டும் இல்ல மேம். மத்தத எப்பிடி இங்கிலீஷ்ல எழுதுறதுன்னு தெரியல. தெரிஞ்ச வரைக்கும் எழுதுனேன்." சீட்டில் ஒட்டியிருந்த தூசியைத் துப்பட்டாவால் துடைத்தாள். "அந்த ரூம்ல கதவு தானா மூடிக்கிரும் மேம். அதையும் எழுதல. அதுக்கு என்ன வார்த்தைன்னு தெரியல."

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். கதவைப் பற்றி. "என்ன வார்த்தைன்னு அப்புறம் சொல்றேன்" என்றேன்.


பிப்ரவரி 20, வியாழன்

நூலக வாசலில் வேதமூர்த்தி எதிரே வந்தார். நகர்ந்து போக இடம் இருந்தது. அவர் நகரவில்லை.

"உங்க ஸ்டூடன்ட் நல்லா எழுதுறா தமயந்தி. டிரான்சிஷன்ஸ் எல்லாம் கரெக்டா விழுந்திருக்கு. உங்க டீச்சிங்தான்."

அதே குரல். ஒருபோதும் உயராத குரல். பக்கத்தில் நின்ற பையன்கள் வணக்கம் சொன்னார்கள், சிரித்துக்கொண்டே பதில் வணக்கம் சொன்னார்.

"ஃபைலை ஏன் யார்கிட்டயோ கொடுத்தனுப்புறீங்க? நீங்களே கொண்டு வாங்க. மூணு வருசம் ஆகப்போகுது நீங்க நம்ம ரூமுக்கு வந்து."

நம்ம ரூம்.


பிப்ரவரி 21, வெள்ளி

ஃபைலைக் கொடுத்தனுப்பவில்லை. நானும் போகவில்லை. கையெழுத்து இல்லாமலே கிடக்கட்டும்.


பிப்ரவரி 22, சனி

பெனிட்டாவோடு சண்டை.

"வர்ற மே மாசம் எனக்கு கான்ட்ராக்ட் ரெனியூவல் இருக்குடி. உன் கூட ஒரே ரூம்ல இருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும். நீ இதுல தலையிட்டா என்னையும் சேத்துத்தான் பார்ப்பாங்க."

"நீ தலையிட வேண்டாம். நான்தானே."

"உனக்கு மட்டும் எதுக்கு? அந்தப் புள்ளைக்கு அப்பா அம்மா இல்லையா? கமிட்டி இருக்கு, பார்த்துக்கும்."

"கமிட்டி சிரிக்குது பெனி. உக்காந்து சிரிக்குது."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "உனக்கு அந்த ஆளு மேல ஏன்டி இவ்வளவு கோவம்? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முழங்கால் வலி, முழங்கால் வலின்னு..." பாதியில் நிறுத்தினாள்.

பாத்திரத்தைக் கழுவினேன். இட்லிக் குண்டானின் அடியில் பிடித்திருந்த கறையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. மறுபடியும் தேய்த்தேன். அவள் வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.


பிப்ரவரி 24, திங்கள்

காளீஸ்வரியின் அப்பா வந்திருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையைத் துவைத்துத் தேய்த்துப் போட்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஹேமா மேடம் கூப்பிட்டாக. வெள்ளிக்கிழம விசாரணையாம். தப்பா எழுதிட்டேன், வேற ஒருத்தவுக சொல்லித்தான் எழுதுனேன்னு பாப்பா ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா ஒண்ணுஞ் செய்ய மாட்டாகளாம். இல்லேன்னா பொய்ப் புகாருன்னு டிசிய கிழிச்சுக் குடுத்துருவாகளாம்."

"நீங்க என்ன சொன்னீங்கண்ணே?"

"நான் என்னத்தச் சொல்ல. எனக்கு அவ படிப்பு முக்கியம். அவ எழுத மாட்டேங்குதா." கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த வேற ஒருத்தவுகன்றது நீங்கதானாம் டீச்சர். உங்க பேர எழுதச் சொல்லுதாக. அதுக்குத்தான் அவ மாட்டேங்குதா."

நாற்காலியை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினேன், அப்போதும் உட்காரவில்லை.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றார். "எம் புள்ள சொல்றது நெசமா? நான் அவள்ட்ட கேக்கல. பெத்த அப்பன் எப்பிடிக் கேப்பேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல."

"நெசம்."

"எப்பிடிச் சொல்லுறீக?"

"தெரியும்ணே."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை.


பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி விடுமுறை. கேஸ் புக் செய்தேன். தலைக்கு எண்ணெய் வைத்தேன். ஒரு நாவலை எடுத்து உட்கார்ந்து ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எழுதிப் பார்க்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜூலை மாதம். லெசன் பிளானில் ஒரு இடத்தில் தப்பு என்றார். உட்காரச் சொன்னார். பேனாவைக் கொடுத்தார். கதவு தானாக மூடிக்கொள்ளும் வகை. பின்னால் வந்து நின்றார்.

கான்சிக்வென்ட்லி என்று ஒன்றும் இல்லை. மாத முடிவில் சம்பளம் வந்தது. நானும் மறுநாள் வேலைக்குப் போனேன்.

போதும்.


பிப்ரவரி 28, வெள்ளி

விசாரணை நடந்தது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஹேமலதா மேடம், நூலகர், வெளியிலிருந்து வரும் உறுப்பினரான வக்கீல் ஜெபராணி. வக்கீல் வயதானவர். பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார், இன்னும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் காளீஸ்வரி. அவளுக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு நாற்காலியில் நான். சாட்சி என்று சொல்லித்தான் என்னை அழைத்திருந்தார்கள். எதற்குச் சாட்சி என்று கடிதத்தில் இல்லை.

ஹேமலதா மேடம் புகாரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நீயே எழுதுனதுதானே?"

"ஆமா மேம்."

"அப்ப கான்சிக்வென்ட்லின்னா என்ன அர்த்தம் சொல்லு."

"அதனாலன்னு அர்த்தம் மேம்."

"ஃபர்தர்மோருக்கும் மோர்ஓவருக்கும் என்ன வித்தியாசம்?"

புகார் கொடுத்த பெண்ணுக்கு அங்கே வாய்மொழித் தேர்வு நடத்துகிறார்கள். நான் வகுப்பில்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நூலகர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். காளீஸ்வரி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி, விடை சொல்கிற பிள்ளை மாதிரி நின்றாள். அப்படி நிற்கத்தானே நாங்கள் பழக்கியிருக்கிறோம்.

"வித்தியாசம் தெரியாது மேம்."

"பார்த்தீங்களா." வக்கீல் பக்கம் திரும்பினார். "தெரியாததை எப்படி எழுதுனா? சரி, நெவர்தலெஸ்?"

"இருந்தாலும்னு."

"இருந்தாலும்னா? விளக்கிச் சொல்லு."

காளீஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். "நான் கைய இழுத்தேன் மேம். வலிக்குது விடுங்க சார்னு சொன்னேன். கும்புட்டுக்கூடக் கேட்டேன். இருந்தாலும் விடல. அந்த இடத்துல அதுதான் மேம் வரும். வேற எதுவும் வராது."

வக்கீல் ஜெபராணி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். முதல் முறையாகப் பேனாவைத் திறந்தார்.

ஹேமலதா மேடம் விடவில்லை. "இதே பேப்பர்ல அவரு நல்ல ஆசிரியர்னும் எழுதியிருக்கியே?"

"அது மறுபக்கம் மேம்."

"என்னது?"

"மறுபக்கம் எழுதாட்டி மார்க்கு கொறையும்."

நூலகர் களுக்கென்று சிரித்துவிட்டார். வக்கீல் திரும்பி அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு வக்கீல் கேட்டார்: "யாரும்மா அப்படிச் சொன்னது?"

"நான்தான்" என்றேன் பின்னாலிருந்து. "சொல்லச் சொல்லி சர்க்குலர். சர்க்குலர் போட்டது வேதமூர்த்தி சார்."

"உங்களைக் கேக்கும்போது பேசலாம்" என்றார் ஹேமலதா மேடம். உடனே தானே கேட்டார்: "சரி, கேக்குறேன். இதை எழுதிக் கொடுத்தது நீங்கதானே?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எதுக்கு உங்களுக்கு இவ்வளவு அக்கறை? எத்தனையோ ஸ்டூடன்ட்ஸ் இருக்காங்க. உங்களுக்கும் இந்தக் கேஸுக்கும் என்ன சம்பந்தம்?"

எழுந்து நின்றேன். முன்கூட்டியே எதையும் யோசித்து வைக்கவில்லை. சொன்னேன். கோர்வையாகச் சொல்லவில்லை. கதவிலிருந்து ஆரம்பித்தேன், அங்கிருந்து பேனாவுக்கு வந்தேன், பிறகு மறுபடி கதவு. நடுவில் சத்தம் போட்டேன். சட்டைப் பையில் அவர் எப்போதும் வைத்திருக்கும் ஏலக்காயின் வாசனையைச் சொன்னேன். அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் பாயசம் சாப்பிட முடியாது என்பதையும் சொன்னேன். அது எதற்கு என்று தெரியாமலே சொன்னேன். காளீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"எப்போ நடந்தது?" என்றார் ஹேமலதா மேடம்.

"சேர்ந்த வருசம். ஜூலை."

"அப்பவே ஏன் சொல்லல?"

"யார்கிட்ட மேடம்? உங்ககிட்டயா?"

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுத்திருக்கணும். இதை நாங்க பதிவு பண்ண முடியாது. அஜெண்டாவுலயும் இல்ல."

"அவங்க புகாரா எடுக்க முடியாது, சரி" என்றார் வக்கீல். குரல் மெதுவாக இருந்தாலும் பேனா எழுதிக்கொண்டேயிருந்தது. "இந்தப் பொண்ணோட புகார்ல சாட்சியமா எடுக்கலாம்ல. நான் எழுதிட்டேன். நீங்க கையெழுத்துப் போடாட்டாலும் நான் போடுவேன். திங்கக்கிழமை ரெண்டு பேரும் தமிழ்ல, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொண்டு வாங்க. யாரும் மறுபக்கம் எழுத வேண்டாம்."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் காளீஸ்வரி நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவளைத் தேற்ற என்ன சொல்லலாம் என்றுகூட மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு கிளாஸ் முடிஞ்சு ஒங்ககிட்ட வந்தேன்ல மேம்? கம்ப்ளெயின்ட் எப்பிடி எழுதன்னு கேக்க."

"ஆமா."

"மெஸ்ஸு பத்தியான்னு கேட்டீங்க."

கையிலிருந்த விசாரணைக் கடிதத்தை மடித்தேன்.

"அப்பவே ஒங்களுக்குத் தெரியும்ல?" குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. கோபம்தான். இந்த மாதம் முழுக்க நான் பட்ட கோபமெல்லாம் அந்த முகத்தில் இருந்ததற்குப் பக்கத்தில் வராது. "நான் எந்த மாடியிலருந்து வந்தேன்னு பார்த்தீங்கள்ல? தெரிஞ்சும் எதுக்கு மேம் மெஸ்ஸுன்னு கேட்டீங்க?"

பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் அப்பா மரத்தடியில் ஆட்டோவை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.


மார்ச் 1, சனி

வேதமூர்த்தி மருத்துவ விடுப்பில் போயிருக்கிறாராம். பெனிட்டா வந்து சொன்னாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "முழங்கால்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை. அவள் அழுததும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

காளீஸ்வரிக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.


மார்ச் 3, திங்கள்

காலையில் துறை அறைக்கு வந்தாள். கதவைத் தட்டிவிட்டு நின்றாள். கையில் இரண்டு தாள்கள், ஒன்று வெற்றுத்தாள், மற்றதில் தமிழில் அவள் எழுத்து. கோடு எதுவும் இல்லை.

"வக்கீலம்மா ரெண்டு பேரும் சேந்து குடுக்கச் சொன்னாங்க மேம். நான் எழுதிட்டேன். ஒங்க பக்கத்தையும் எழுதுங்க."

என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். நான் எழுதி முடிக்கும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நேரம் ஆனது. வகுப்பு மணி அடித்தது, போகவில்லை. மெஸ் விஷயத்தையும் எழுதினேன். யாரும் கேட்காவிட்டாலும் எழுதினேன். எந்த மாடியிலிருந்து அவள் இறங்கி வந்தாள், அதை நான் பார்த்தேன் என்பதையும்.

எழுதியதை வாங்கி நின்றபடியே படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடியும் படித்தாள். பிறகு தன் தாள் மேலே இருக்கும்படி இரண்டையும் சேர்த்து மேஜையில் வைத்தாள். அடியில் அவள் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன்.

"அங்க வேணாம் மேம்." தன் தாளை உருவி என் தாளுக்கு அடியில் வைத்தாள். "ஒங்க பேரு மேல இருக்கட்டும். ஒங்களுக்குத்தானே மொதல்ல நடந்துச்சு."

போட்டேன்.